முப்பத்தொன்றாம் பக்கத்தில் வந்த வெள்ளம்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஓடுகிற அத்தனை லாரிகளும் ஒரே நாளில் ஒன்றோடொன்று மோதித் தூளானாலும், அதில் ஒன்றைக்கூட ‘முழுசாகப் போய்விட்டது’ என்று ஒப்புக்கொள்ளாத ஒரு மனிதர் எங்கள் தலைக்கு மேலே குடியிருந்தார். அவருடைய உண்மைப் பெயர் அபார்ட்மெண்ட் வாசலில் பெயர்ப்பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அவர் ‘டோட்டல் லாஸ்’தான்.

விபத்தில் சிக்கிய லாரியைப் போய்ப் பார்த்து, சேதம் எவ்வளவு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிற சர்வேயராக அவர் முப்பத்தைந்து வருடம் இருந்தார். வண்டி இனி உதவாது என்றால் ‘டோட்டல் லாஸ்’ என்று எழுத வேண்டும். எழுதினால் உரிமையாளருக்கு முழுத் தொகை கிடைக்கும். இவர் அந்த இரண்டு வார்த்தைகளை ஒரு தடவைகூட எழுதியதில்லை. கொல்லிமலை வளைவில் உருண்டு போன வண்டியில் மிச்சமிருந்த ஸ்டியரிங்கை மட்டும் ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு வந்தாராம். இவர் அதை வாங்கி இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானுங்களே சுத்துது. டிங்கரிங் பண்ணுனா ஓடுமுங்க” என்றாராம். லாரிக்காரர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் அது.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் அவருக்கு ஓயவில்லை. நாங்கள் அந்த அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்துக்கு வாடகைக்குக் குடிவந்த அன்று, சாமான் இறங்குவதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, “வயசு எத்தனைங்க சாமி?” என்றார். நாற்பத்தெட்டு என்றேன். என் நெற்றிக்கு மேலே கொஞ்ச நேரம் பார்த்தார். “முன்பக்கம் தேய்மானம் சாஸ்திதானுங்க” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். என் மனைவி ஸ்டெல்லா அன்று சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு நாள் ஸ்டெல்லாவுக்கு ஒரு பெண்ணிடமிருந்து போன் வந்தது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கென்றே ஒரு பாலிசி இருக்கிறது. தீ, திருட்டு, வெள்ளம் எது வந்தாலும் சாமான்களுக்குப் பணம் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு டீ குடிக்கிற காசுதான் ஆகும் என்றாளாம். ஸ்டெல்லா டீ குடிப்பதில்லை, நான் நாளுக்கு ஆறு குடிப்பேன், ஆகவே நான் ஒன்றைக் குறைத்தால் போதும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவனுடைய வீட்டில் காப்பாற்றும்படி என்ன இருக்கிறது? ஆனால் கீழ்த்தளம். ஏரியைத் தூர்த்துக் கட்டிய அபார்ட்மெண்ட் வேறு. வீட்டுக்காரரைக் கேட்டேன். “கட்டடத்துக்கு நான் எடுத்திருக்கேன். உள்ள இருக்கிறது உங்க பாடு” என்றார். எடுப்பதா வேண்டாமா என்று குழம்பிக் கிடந்தபோது, தலைக்கு மேலேயே ஒரு நிபுணர் இருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. என் கெட்ட நேரம்.

“எடுக்கறதா வேண்டாமாங்கறது பொறவுங்க. மொதல்ல ஊட்டுக்கு சர்வே போடோணும்” என்றார் டோட்டல் லாஸ். மறுநாள் காலையில் டார்ச், டேப், நோட்டு, பூதக்கண்ணாடி சகிதம் இறங்கிவந்தார். மூன்று நாள் சர்வே நடந்தது. மிக்ஸியை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். பீரோவைத் தட்டிப் பார்த்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் படுத்தே விட்டார்.

“ஏனுங்க அம்மிணி, இது எந்த வருசத்து ஃபிரிட்ஜுங்க?”

“எங்க கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் குடுத்தது சார்.”

“அப்பொ இது ஃபிரிட்ஜே இல்லீங்க. குளுந்து கெடக்கற பழைய இரும்பு.”

அன்று அவருக்குக் கொடுத்த காபியில் ஸ்டெல்லா சர்க்கரை போடவில்லை. அவர் அதையும் குடித்துவிட்டு, “பாலு நல்லாருக்குதுங்க” என்றார்.

மூன்றாம் நாள் பீரோவின் அடித்தட்டில் இருந்த மரப்பெட்டியைத் திறந்தார். அதில் எங்கள் கிறிஸ்துமஸ் குடில் செட் இருந்தது. நான் பிறந்த வருடம் என் அப்பா வாங்கியது. காகிதக் கூழில் செய்து வர்ணம் பூசிய சொரூபங்கள்: குழந்தை, மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று ராஜாக்கள், ஒட்டகம். ஒரு ராஜாவுக்கு வலக் கை இல்லை. நான் நாலு வயதில் கடித்துத் துப்பியது என்று குடும்பத்தில் சொல்வார்கள். அப்பா போன பிறகு அவர் வீட்டிலிருந்து நான் கேட்டு எடுத்துக்கொண்டது இந்தப் பெட்டி ஒன்றைத்தான்.

டோட்டல் லாஸ் ராஜாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “இந்த ராசாவுக்குக் கை எங்கீங்க?”

“சின்ன வயசுல ஒடைஞ்சுபோச்சு சார்.”

“முன்னாலயே இருந்த சேதம்” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “கிளைம்ல வராது.”

“சார், நெருப்புல முழுசா எரிஞ்சுட்டா, கை இருக்கிற ராஜா மாதிரி கணக்கு வெச்சுக் குடுக்க மாட்டாங்களா?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

அவர் நோட்டை மூடிவிட்டார். அவ்வளவு வருத்தம். “அம்மிணி, போனது எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே திருப்பிக் குடுக்கறதுதானுங்க இன்சூரன்சு. ஒரு நூல் ஒசத்தியாக் குடுத்தாலும் அது கிளைம் இல்லீங்க, சீதனம்.”

சர்வே முடிந்தது. தேய்மானம் எல்லாம் போக, இருபது வருட இல்லற வாழ்க்கையில் நாங்கள் சேர்த்த அத்தனையும் ஒரு லாரியின் முன்டயர் இரண்டுக்கு ஈடாகாது என்று தெரிந்தது. அதுவும் தேய்ந்த டயர். நான் அன்று இரண்டு டீ கூடுதலாகக் குடித்தேன்.

சரி, பாலிசி எடுப்பதா வேண்டாமா? முதல் ஞாயிறு, “வேண்டாமுங்க” என்றார். காரணம் கேட்டேன். “கிளைம்னு வந்தா என்னையாட்ட ஒருத்தன்தானுங்க வருவான். அவன் வந்தா உங்களுக்கு என்ன கெடச்சுரும்? நீங்களே சொல்லுங்க சாமி.” தன் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய மனிதரை நான் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு, “கீழ்த்தளமாச்சேங்க, எடுத்துப் போடுங்க” என்றார். அதற்கடுத்த வாரம், “சின்ன எழுத்துல என்ன இருக்குதுன்னு படிக்காம ஆராச்சும் எடுப்பாங்களா? கொண்டாங்க, நான் படிச்சுச் சொல்றேன்” என்று, போன் செய்த பெண் அனுப்பியிருந்த பாலிசி விதிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

இரண்டு மாதம் போனது. போன் செய்த பெண் வேறு வேலைக்கே போய்விட்டாள். படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், “முப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கேனுங்க. அவசரப்படாதீங்க” என்பார். பூதக்கண்ணாடி வைத்து, ஒரு நாளைக்கு அரைப் பக்கம். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். நான் உள்ளூர நிம்மதியாக இருந்தேன். முடிவு எடுக்க வேண்டிய வேலையை வேறொருவர் தலையில் கட்டிவிட்ட சோம்பேறியின் நிம்மதி. இதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை முழுக்க மழை கொட்டியது. ஞாயிறு காலைப் பூசை முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது, ஏரிக்குத் தன் பழைய இடம் ஞாபகம் வந்துவிட்டிருந்தது. வாசலில் கணுக்கால் தண்ணீர். கதவைத் திறந்தால் செருப்புகள் எங்களை வரவேற்க மிதந்து வந்தன. ஸ்டெல்லா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே பீரோவைத் திறந்து குடில் பெட்டியின் மேல் கை வைத்தாள்.

“தொடாதீங்க!”

வாசலில் டோட்டல் லாஸ் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் டார்ச்சும் செல்போனும். முகத்தில் முப்பத்தைந்து வருடத் தொழில்.

“எதையும் நகத்தாதீங்க அம்மிணி. சர்வே ஆகாம பொருளை நகத்துனா கிளைம் செத்துது.”

லாரி கவிழ்ந்தால் சுற்றிலும் கல்லும் தழையும் வைத்துவிட்டு, சர்வேயர் வந்து படம் எடுக்கும்வரை ஒரு நட்டைக்கூட அசைக்காமல் காத்திருப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கிளீனராக ஏறிய முதல் நாளே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். லாரியே இல்லாத எங்களுக்கும் அவரோடு பழகிப் பழகி அது ரத்தத்தில் ஊறியிருந்தது போலும். ஸ்டெல்லா கையை எடுத்துவிட்டாள். நான் அவர் சொன்னபடி அன்றைய செய்தித்தாளின் தேதி தெரியும்படி ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபிரிட்ஜ், முன்பக்கம். ஃபிரிட்ஜ், பக்கவாட்டில். “கொஞ்சம் தள்ளுங்க சாமி, நெழலடிக்குது.” சோபா. மிக்ஸி. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. என் புத்தக அலமாரியின் கீழ் இரண்டு தட்டுகள் என் கண்ணெதிரே ஊறி உப்பின. நான் செய்தித்தாளை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள்: “சார், நாம இன்னும் பாலிசியே எடுக்கலையே?”

டோட்டல் லாஸ் செல்போனைத் தாழ்த்தினார். அவர் உதடு எதையோ கணக்குப் போட்டது. பிறகு பாய்ந்து போய்ப் பீரோவின் அடித்தட்டில் கையை விட்டு, குடில் பெட்டியைத் தூக்கினார். மூடியின் இடுக்கிலிருந்து நீலமும் சிவப்புமாகத் தண்ணீர் ஒழுகியது. உள்ளே மாதா இல்லை, சூசையப்பர் இல்லை, ஒட்டகமும் இல்லை. சாம்பல் நிறத்தில் கூழ்தான் இருந்தது.

நான் அழுதேன். நாற்பத்தெட்டு வயதில், முழங்கால் தண்ணீரில், கையில் செய்தித்தாளோடு. அப்பா இரண்டாம் முறை போனது போல இருந்தது.

அவர் பெட்டியை இறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டை ஒரு கையால் எடுத்து, பெட்டியின் மேலேயே வைத்து எழுதினார். அந்தத் தாளைக் கிழித்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். அதில் ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் லாரிக்காரர்கள் அழுது கேட்டும் எழுதாததை, பாலிசி இல்லாத எங்களுக்கு எழுதிக் கொடுத்தார்.

தண்ணீர் வடியும்வரை பதினோரு நாள் அவருடைய வீட்டில்தான் இருந்தோம். கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் ஹாலில் பாயில் படுத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேஜைமேல் பாலிசி புத்தகம் இருந்தது. நாலாம் நாள் அவரே பேசினார். “வெள்ளச் சேதம் பாலிசில வருமுங்க சாமி. முப்பத்தி ரெண்டாம் பக்கத்துல இருக்குது.” சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு கதவைத் தட்டினார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. எங்கெங்கோ அலைந்து, காகிதக் கூழில் செய்த குடில் செட்டையே தேடிப் பிடித்திருந்தார். வர்ணம் புதுசாக மின்னியது. ஸ்டெல்லா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மூன்றாவது ராஜாவை எடுத்ததும் நிறுத்திவிட்டாள். அவருக்கு வலக் கை இல்லை.

“அண்ணா, கடைக்காரன் ஒடைஞ்சதைக் குடுத்து ஏமாத்திட்டான்” என்றாள். அவரை அவள் ‘அண்ணா’ என்று அழைத்தது அன்றுதான் முதல் தடவை.

“அவன் முழுசாத்தானுங்க அம்மிணி குடுத்தான்” என்றார் டோட்டல் லாஸ். “ஊட்டுல வெச்சு நாந்தான் ஒடைச்சேன். முன்னாலயே இருந்த சேதமுங்களே. கையோட குடுத்தா அது சீதனமாப் போயிருமுங்க.”

போன வருடம், மல்லசமுத்திரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த இடத்தில், அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். எடுக்கப் போகும் சமயத்தில் ஒரு லாரி உரிமையாளர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, “ஒரு கண்ணாடிக்குக்கூட முழுசா எழுத மாட்டாருங்க இந்த மனுசன்” என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பாலிசி எடுத்துவிட்டோம். வருடம் தவறாமல் கட்டுகிறோம். சாமான் பட்டியலில், ‘ராஜா ஒன்று, வலக் கை இல்லை’ என்று ஸ்டெல்லா தன் கையால் எழுதினாள். இதையெல்லாம் எழுத வேண்டியதில்லை மேடம் என்று ஏஜெண்ட் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. இத்தனை தேய்மானம் போக நமக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது என்று எனக்கும் தெரியும். கிளைம் என்று வந்தால் அவரைப் போல ஒருத்தர்தான் வருவார் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஒரு நப்பாசையில்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம்.