இரண்டு நிமிட மௌனம்: ஓர் ஒலிபரப்பு விசாரணை

தேசிய வானொலியின் முன்னாள் தலைமை இயக்குநர் காலமானார். அதையொட்டி, எல்லா நிலையங்களும் காலை பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனத்தை ஒலிபரப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நமது நிலையத்தில் அன்று முறை தற்காலிக அறிவிப்பாளருக்கு. பதினான்கு வருடமாகத் தற்காலிகம்.

சுற்றறிக்கையைப் படித்ததும் அந்த அம்மா நிலைய இயக்குநரின் அறைக்கு ஓடினார்.

"சார், பத்து விநாடிக்கு மேல ஒலி இல்லேன்னா மெமோ. ஏற்கெனவே ரெண்டு வாங்கியாச்சு. மூணாவது வந்தா வேலை போயிடும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிந்திக்கிறார் என்று பொருள்.

"சும்மா நின்னுபோனாத்தான் அது கோளாறு. முன்னாடியே பதிவு பண்ணின மௌனம்னா நிகழ்ச்சி."

நிகழ்ச்சி என்றால் தேர்வு பெற்ற கலைஞர் வேண்டும். முதல் நிலைப் புல்லாங்குழல் கலைஞருக்கு ஒப்பந்தம் போனது. அவர் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்டார்:

"எந்த ராகத்துல வாசிக்காம இருக்கணும்?"

"சோகமா ஏதாவது."

முதல் பதிவில் மூச்சுச் சத்தம். இரண்டாவதில் இயக்குநரின் நாற்காலி கிரீச்சிட்டது. மூன்றாவது அபாரம். ஒலிநாடாவுக்கு எண் கொடுத்து, மெல்லிசை அலமாரியில் சேர்த்தார்கள்.

பதினொரு மணிக்கு அறிவிப்பாளர் தழுதழுத்த குரலில் மௌனத்தை அறிமுகம் செய்து ஓடவிட்டார். ஊருக்கு வெளியே, ஒலிபரப்புக் கோபுரத்தடியில் ஒரு பொறியாளர் இருந்தார். ஒலிமானியின் முள்ளைப் பார்ப்பது அவர் வேலை. நிகழ்ச்சியைக் கேட்பது அவர் பணிப்பட்டியலில் இல்லை. முள் படுத்துவிட்டதைக் கண்டு, பதினோராவது விநாடியில், விதிப்படி அவசரகால இசை நாடாவைப் போட்டார். சர்க்கஸ் பேண்டு!

விசாரணை அதிகாரி வந்து இறங்கினார்.

"விதிப்படி செஞ்சேன்," என்றார் பொறியாளர்.

"நானும்தான்," என்றார் இயக்குநர்.

விதியைக் காட்டித் தப்பும் அளவுக்குப் பதவி இல்லாதவர் அறிவிப்பாளர் ஒருவரே. ஆகவே குற்றம் அவருடையது என்று ஏகமனதாக முடிவாயிற்று. மூன்றாவது மெமோ தட்டச்சாகித் தயாராக இருந்தது.

அதிகாரி நியாயஸ்தர். "நேயர்கள் என்ன சொல்றாங்கன்னும் பார்க்கணும். பேண்டு கேக்கல, மௌனமாத்தான் இருந்ததுன்னு மூணு பேர் எழுதிக் கொடுங்க, மெமோவைக் கிழிச்சிடறேன்."

மூன்று பேரா! வானொலி நேயர் பாதுகாப்புச் சங்கத்தில் நாம் நானூறு பேர். நிலையத்தை மூடப் பார்த்தபோதெல்லாம் ஊர்வலம் போய்த் தடியடி வாங்கியவர்கள். நானூறு பேரும் கையெழுத்துப் போட்டோம்: "காலை பதினொரு மணிக்கு எங்கள் வானொலிப் பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை."

மெமோ கிழிந்தது. அறிவிப்பாளர் கண் கலங்கியபடி சங்கச் செயலாளரைத் தேடி வந்தார்.

"எனக்காக இத்தனை பேர் பொய் சொல்லியிருக்கீங்களே அண்ணே!"

"பொய்யா? நல்லா இருக்கே! வீடு வீடா விசாரிச்சுத்தாம்மா கையெழுத்து வாங்கினேன். அன்னைக்கு ஒரு வீட்லயும் ரேடியோ போடல."

"அன்னைக்கு மட்டுமா அண்ணே?"

செயலாளர் பேச்சை மாற்றினார்.

"அதை விடும்மா. நிலையத்தைக் காப்பாத்த வெள்ளிக்கிழமை உண்ணாவிரதம் வச்சிருக்கோம். நீ வந்து பேசணும்."

"வர்றேன். காலையில ஒலிபரப்புல அறிவிச்சிடட்டுமா?"

"வேணாம்மா, நோட்டீஸ் அடிச்சிட்டோம். நாலு பேருக்குத் தெரியணும்ல?"