தோவானுக்குத் தொண்டை சரியில்லை

"தோவான் சார் வந்துட்டாரு! கதவைச் சாத்துங்க!" என்று ஆரஞ்சுச் சட்டை போட்ட அம்மாள் கத்தியதும், பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் கை தட்டியதும், கதவு புஸ்ஸென்று மூடிக்கொண்டதும் பாங்குக்கு நன்றாகவே கேட்டது. தான் தோவான் இல்லை என்று சொல்வதற்கு மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. அவர் கடைசியாகப் பேசியது முந்தாநாள். முட்டை விற்பவளிடம், "ஆறு" என்று.

வாஷிங் மெஷின், ரைஸ் குக்கர், ஃபேன் இவற்றோடு பெட்டிக்குள் வருகிற, யாரும் படிக்காத சின்னப் புத்தகங்களைச் சீன மொழியிலிருந்து வியட்நாம் மொழிக்கு மாற்றுவது பாங்கின் தொழில். ஹனோயில் நாலாவது மாடியில் ஓர் அறை. மனைவி பிரிந்து போய் ஒன்பது வருஷம். மகள் ஜப்பானில் இருக்கிறாள், புத்தாண்டுக்குப் போன் பண்ணுவாள். வேலை கம்ப்யூட்டரில் வரும், கம்ப்யூட்டரிலேயே போகும். இதில் பேச்சுக்கு எங்கே இடம்?

ஜூன் மாதம் வந்துவிட்டால் அந்த அறையில் ஃபேன் கூட அனலைத்தான் வீசும். அப்போதெல்லாம் பாங் கண்ணை மூடிக்கொண்டு கடலை நினைப்பார். சம்சோன் கடற்கரை மூன்று மணி நேரப் பயணம்தான். ஆனால் ஒற்றை ஆளாகக் கடலுக்குப் போவது லேசில்லை. கிளிஞ்சலைக் கிலோக் கணக்கில்தான் சமைத்துத் தருவார்கள். குடை வாடகைக்கு எடுத்தால் கூடவே ஆறு நாற்காலி வரும். "மத்தவங்க எப்ப வருவாங்க?" என்று ஓட்டல் பையன்கள் கேட்பார்கள். பதினோரு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பயந்தே அவர் போகவில்லை.

இந்த வருஷம் துணிந்து, ஒரு சுற்றுலா பஸ்ஸில் ஒற்றை சீட்டு வாங்கினார். கடலுக்கென்று ஓர் ஆரஞ்சுச் சட்டையும் வாங்கினார். விடிகாலை ஐந்து மணிக்கு விளையாட்டு மைதான வாசலில் போய் நின்றால், அங்கே முப்பது பஸ்கள். அதில் ஒரு பஸ் முழுக்க ஒரு ஃபேன் கம்பெனிக்காரர்கள். எல்லாரும் ஆரஞ்சுச் சட்டை.

"சோன்லா கிளை தோவான்தானே? உங்க ஒருத்தருக்காக பஸ்ஸே காத்துக்கிடக்கு!" என்று அந்த அம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். 'இதுதான் நம் பஸ் போலிருக்கிறது, பேரைத் தப்பாகப் படிக்கிறாள்' என்று அவரும் ஏறிவிட்டார்.

கடைசி வரிசையில்தான் இடம் இருந்தது. பக்கத்தில் சாம்பல் நிறச் சட்டைக்காரன் ஒருவன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினான். ஆரஞ்சு போடாததால் மாற்று டிரைவராக இருக்கும் என்று பாங் நினைத்துக்கொண்டார். பிறகுதான் பஸ்ஸின் முன்பக்கம் தொங்கிய துணியில் ஃபேன் படத்தையும் கம்பெனிப் பேரையும் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று எழுந்தார்.

அதற்குள் அந்த அம்மாள் மைக்கைப் பிடித்துவிட்டாள். அவள் பெயர் ஹுவே. கம்பெனியில் எந்த விசேஷம் என்றாலும் அவள் தலையில்தான் விடியும்.

"ஆறு வருஷமா இந்த டூரை நான் நடத்துறேன். வருஷா வருஷம் ஒரு பேருக்கு மட்டும் டிக் விழாது. அந்தப் பேரு தோவான்! முதல் வருஷம் காய்ச்சல்னாரு. அடுத்த வருஷம் மாமா செத்துட்டாருன்னாரு. போன வருஷம் அதே மாமா மறுபடியும் செத்தாரு!"

பஸ் குலுங்கிச் சிரித்தது.

"மலைமேல இருக்கிற சோன்லா கிளையில இவரு ஒத்தை ஆளு. நாம யாரும் இவரு மூஞ்சியப் பாத்ததே இல்ல. இன்னைக்கு வந்துட்டாரு. எல்லாப் பேருக்கும் டிக் விழுந்திருச்சு!" சொல்லிவிட்டுப் பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பாதி எழுந்திருந்த பாங் அப்படியே உட்கார்ந்தார். ஒரு மனுஷி ஆறு வருஷத்தில் முதன்முதலாக நிம்மதியாக இருக்கும்போது அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஹுவே தலைகளை எண்ணிக்கொண்டு வந்தாள். நாற்பத்தாறு. பட்டியலில் நாற்பத்தைந்து. "டிரைவரையும் சேத்துட்டேன் போல," என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

வழியில் பஸ் நிற்கும்போது நழுவிவிடுவது என்று முடிவு செய்தார். நின்றது. கழிப்பறைப் பக்கம் போகிறவர் மாதிரி நடந்து, வேறு பஸ் ஏதாவது தென்படுகிறதா என்று பார்த்தார்.

"தோவான்!"

கூப்பிட்டது ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலுக்குத் தொப்பி, இரண்டு கையிலும் கரும்புச் சாறு.

"யாருன்னு தெரியுதா?"

பாங் விழித்தார்.

"மியென்! தலைமை ஆபீஸ், ஆர்டர் பிரிவு. மூணு வருஷமா தினமும் காலைல எட்டு மணிக்கு உங்ககிட்ட சண்டை போடுறவ. நேர்ல வந்தா பேச மாட்டீங்களா?"

"வணக்கம்," என்றார் பாங். இரண்டு நாள் பேசாத குரல் கரகரவென்று வந்தது.

மியென் முகம் சுருங்கியது. "போன்ல குரல் இப்படி இருக்காதே?"

"தொண்டை... சரியில்லை."

அந்த நேரத்துக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. பஸ் கிளம்பியதும் ஹுவே மைக்கில் அறிவித்தாள்: "நம்ம தோவானுக்குத் தொண்டை சரியில்ல! யாருகிட்டயாவது மருந்து இருக்கா?"

வியட்நாமில் மருந்து இல்லாத கைப்பை கிடையாது. உப்பில் ஊறிய எலுமிச்சை வந்தது. தேன் வந்தது. ஒரு கிழவர் வந்து, கேட்காமலே அவர் சட்டைக் காலரை இறக்கி, கழுத்து முழுக்கப் பச்சைத் தைலத்தைத் தேய்த்துவிட்டார். கண்ணில் நீர் கொட்டியது. தைலத்தால் பாதி. தனக்குத் தொண்டை சரியில்லை என்று இத்தனை பேர் பதறி அவர் பார்த்ததே இல்லை.

நெடி தாங்காமல் பக்கத்து ஆள் துண்டை விலக்கி எழுந்தான். "தண்ணி பாட்டில் எங்கே இருக்கு?" என்று முன்னால் பார்த்துக் கேட்டான்.

எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்த மியென் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பிறகு பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டிவிட்டு, பாங்கிடம் குனிந்து முன்னைவிட இரண்டு மடங்கு அன்பாக, இரண்டு மடங்கு சத்தமாகச் சொன்னாள்: "நீங்க பேசவே வேணாம், தோவான். உங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

அவன் தண்ணீர் குடித்துப் புரையேறி இருமினான்.

சம்சோனில் இறங்கினார்கள். "தம்பி, அந்த ஐஸ் பெட்டியக் கொஞ்சம் இறக்குங்க," என்று ஹுவே சாம்பல் சட்டைக்காரனிடம் சொன்னாள். அவன் மறுபேச்சில்லாமல் இறக்கினான். அதன்பின் அன்று முழுவதும் அந்தப் பெட்டி அவன் தலையில்தான்.

"பாட முடியலைன்னா என்ன, கயிறு இழுக்கத் தொண்டை வேணாமே!" என்று பாங்கைக் கயிற்றின் முன்னால் நிறுத்திவிட்டார்கள். அவர் வாழ்நாளில் இழுத்த கனமான பொருள் அகராதிதான். விசில் ஊதியதும் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தார். அவர் இடித்து அடுத்தவர் விழ, அவர் இடித்து அதற்கடுத்தவர் விழ, அத்தனை பேர் பாரத்தில் கயிறு இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஜெயித்தது அவர்கள் அணி! பாங்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டார்கள்.

கடல். கலங்கலாக, வெதுவெதுப்பாக, அவர் நினைத்ததைவிட உப்பாக இருந்தது. முதல் அலை முகத்தில் அறைந்தது. இரண்டாவது அலை இடுப்பைப் பிடித்துத் தூக்கி, குழந்தையை இறக்குவது போல மெதுவாக இறக்கிவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பும் கரகரவென்றுதான் வந்தது. எல்லாரும் கைகோத்து வட்டமாக நின்றார்கள். ஒரு பக்கம் கணக்குப் பிரிவுப் பையன், மறுபக்கம் மியென். தன் கையை மற்றவர் பிடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று எண்ணப் போனார். எண்ணினால் அழுகை வரும் என்று தோன்றியதால் விட்டுவிட்டார். யார் பேரில் வந்தால் என்ன, அலை ஆள் பார்த்தா அடிக்கிறது?

கரையில் டமார் என்று ஒரு சத்தம். சாம்பல் சட்டைக்காரன் ஐஸ் பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டிருந்தான்.

மதியச் சாப்பாடு பெரிய பந்தலின் கீழ். நண்டு, சுட்ட கணவாய், கிலோ கிலோவாகக் கிளிஞ்சல். மியென் கிளிஞ்சல் சதையை உரித்து உரித்து அவர் கிண்ணத்தில் போட்டாள். அப்போது கம்பெனி டைரக்டர் கோப்பையோடு வந்தார்.

"நீங்கதான் தோவானா? ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நிக்கிற ஃபேன் இந்த வருஷம் நிறையத் திரும்பி வருது. ஊர்ப்பட்ட என்ஜினீயரைக் கேட்டுட்டேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மேஜை முழுக்க அவர் பக்கம் திரும்பியது. தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் இந்தத் தொழிலுக்கு வந்த பதினான்கு வருஷத்தில் அவரிடம் ஒருவர் யோசனை கேட்பது இதுதான் முதல் தடவை. பாங்குக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றிய கேள்வி. அந்த ஃபேனின் புத்தகத்தை மொழிபெயர்த்தவரே அவர்தான், அச்சில் நேர்ந்த தப்பையும் பார்த்திருந்தார்.

"புத்தகத்துல ஏழாவது பக்கம்," என்றார் கரகரப்பாக. "அடித்தட்டு திருகாணியை இடப்பக்கமா முறுக்கணும்னு சீனத்துல இருக்கு. உங்க புத்தகத்துல வலப்பக்கம்னு அச்சாயிருக்கு. சொன்னபடி செய்யறவன் வீட்ல ஃபேன் ஆடும். புத்தகத்தையே பாக்காதவன் வீட்ல நல்லா ஓடும்."

டைரக்டர் வாயைப் பிளந்தார். பிறகு அவரைக் கட்டிப்பிடித்தார். "இந்த மனுஷனை மலைமேல ஒத்தையா உக்கார வச்சிருக்கோமே! ஹுவே, எழுதிக்கோ. அடுத்த மாசத்துலேருந்து தோவானுக்குத் தலைமை ஆபீஸ்ல வேலை! மியென் பக்கத்து மேஜை!"

"ஒண்ணு, ரெண்டு, மூணு... குடி!" என்று பந்தலே கத்தியது. பரிசாக ஆளுயர ஃபேன் ஒன்றைத் தூக்கி பாங் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். பின்னால் பெட்டியோடு நின்ற சாம்பல் சட்டைக்காரன் முகம், பெட்டிக்குள் இருந்த ஐஸைவிட வெளுத்துப்போயிருந்தது.

பாங்குக்கு அப்போதுதான் உறைத்தது. இது வரைக்கும் விளையாட்டு. இப்போது முகம் தெரியாத ஒருவனை மலையிலிருந்து வேரோடு பிடுங்கியாகிவிட்டது. பாவம், அந்தத் தோவான் எங்கேயோ பஸ்ஸைத் தவற விட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பான். நாளைக் காலை எட்டு மணிக்கு மியென் போன் செய்வாள். அவன் வேறு குரலில் பேசுவான்.

மாலை நான்கு மணி. பஸ் கிளம்ப அரை மணிதான் இருந்தது. பாங் ஃபேனை மணலில் நட்டுவைத்து, அதன் நிழலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார். தகடு தகடாக வெயில் மினுங்கியது. இன்னும் அரை மணியில் நாலாவது மாடி அறையை நோக்கிப் பயணம்.

மியென் பிளாஸ்க்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டடி தள்ளி, ஐஸ் பெட்டிக்காரன் உருகிய தண்ணீரை வெகு நேரமாக ஊற்றிக்கொண்டிருந்தான்.

"இஞ்சித் தண்ணி. சூடா இருக்கு, ஊதிக் குடிங்க, தோவான்."

பாங் மூடியைக் கையில் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"நான் தோவான் இல்லம்மா."

அவள் பிளாஸ்க்கை மணலில் வைத்தாள்.

"என் பேரு பாங். தப்பான பஸ்ல ஏறிட்டேன். தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேச ஆள் இல்லாம இப்படி ஆயிருச்சு, அவ்வளவுதான். இறங்கியிருக்கலாம். ரெண்டு மூணு தடவை சொல்லவும் பாத்தேன்." அவர் கடலைப் பார்த்தபடியே பேசினார். "ஆனா நீங்க கரும்புச் சாறு கொண்டாந்தீங்க. கிளிஞ்சல் உரிச்சுப் போட்டீங்க. அது வேற ஒருத்தருக்கு வர வேண்டியதுன்னு தெரிஞ்சேதான் சாப்பிட்டேன். மன்னிச்சுக்கோங்க. அந்தத் தோவான்கிட்டயும் சொல்லிடுங்க. அவரு குடுத்து வச்சவரு."

ஐஸ் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

மியென் திரும்பிப் பார்க்காமல், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "தெரியும்ண்ணா, மூணு வருஷம் தினமும் கேட்ட குரலு எனக்குத் தெரியாதா? நமக்குப் பின்னால காலிப் பெட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவருதான் தோவான். இன்னைக்காவது அவரு வாயத் திறக்கட்டும், அதுவரைக்கும் கொஞ்சம் சிரிச்ச முகமா அந்த இஞ்சித் தண்ணியக் குடிங்க."