எங்கள் குரூப்பின் சட்டசபை

‘ஹாய்’ என்ற சொல்லை அவ்வளவு வெறுத்த மனிதர் சென்னையில் இன்னொருவர் இருக்க முடியாது. தி.நகர் ஆபீஸைக் காலி செய்துவிட்டு, மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் எங்கள் எட்டுப் பேரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது, எங்களுக்கு சூப்பர்வைசராக இருந்தவர் அவர். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். வாரம் ஒரு சட்டம் போடுவார் என்பதால் நாங்கள் வைத்த பெயர், சட்டசபை.

முதல் சட்டம் என்னால் பிறந்தது. ஒருநாள் அவருக்கு ‘ஹாய் சார்’ என்று தட்டிவிட்டு, பால் பொங்குகிறதே என்று அடுப்படிக்கு ஓடினேன். திரும்புவதற்குள் ஃபோன் அலறியது.

“இன்னாம்மா, ஹாய் சொல்ட்டு எங்க பூட்ட? வேலய வுட்டுப் போறியா, கல்யாணமா, இன்னானு தெரியாம இங்க நெஞ்சு அட்சிக்கினு கீது!”

“லீவு கேக்கலாம்னு சார்...”

“அத்த அந்த ஹாய்கூடவே கேக்க வேண்டிதானே?”

அன்று மாலையே குரூப்பில் அறிவிப்பு வந்தது: விஷயம் இல்லாமல் வெறும் ஹாய் அனுப்பக் கூடாது.

‘எனக்குக் காய்ச்சல்’ என்று ஒருவர் எழுத, ஐந்து பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். இரண்டாவது சட்டம் வந்தது: கட்டைவிரலுக்கு ‘படித்துவிட்டேன்’ என்று மட்டுமே பொருள், ‘ரொம்ப சந்தோஷம்’ என்று பொருள் இல்லை. மூன்றாவது சட்டம், மீட்டிங் நடுவே மயிலாப்பூர் ரங்கன் வீட்டு குக்கர் கத்தியதால் வந்தது.

“ஆத்துல சமையல் நடந்துண்டிருக்கு சார், நான் என்ன பண்றது?”

“நாலு விசிலு ஆச்சு நைனா. மொதல்ல மைக்க மூடு, அப்பால அடுப்ப அணை.”

சுகந்தி விஷயம் வரும்வரை இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அது. ஒரு விண்ணப்பத்தில் டாக்டர் கையெழுத்து இல்லாததைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். ரங்கன் குரூப்பில் எழுதினான்: ‘இதெல்லாம் மறந்துபோச்சா?’

அரை மணி நேரத்தில் சுகந்தி குரூப்பை விட்டு வெளியேறினாள். பின்னாலேயே ராஜினாமாக் கடிதம் வந்தது. ஃபோனையும் அணைத்துவிட்டாள்.

சட்டசபை புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. பஸ் பிடித்து மயிலாப்பூர் வந்து, ரங்கனைக் கையோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் அடையாறில் சுகந்தி வீட்டு வாசலில் போய் நின்றார்.

“நைனா, நீ எழ்துனத இப்ப வாயால சொல்லு.”

ரங்கன் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் வந்த குறும்பு, எழுத்தில் துளியும் இருக்கவில்லை. “கிண்டலுக்குத்தான் எழுதினேன் சுகந்தி. சிரிச்சுண்டேதான் எழுதினேன்” என்றான்.

தோளில் குழந்தையோடு நின்ற சுகந்தி அழுதுவிட்டாள். “நிஜமாவே எல்லாம் மறந்துபோச்சோன்னு நானே பயந்துக்கிட்டிருக்கேன். நீங்களும் அதையே கேட்டா?”

சட்டசபை குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். “வேல மறந்தா சொல்லித் தர்லாம்மா. நீ பயந்துகினு கீறது எனக்குத் தெரியாமப் பூட்ச்சே, அத்தான் தப்பு. உன் லெட்டரு வந்துச்சு. நான் பட்கல.”

மறுநாள் சுகந்தி குரூப்புக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு அவர் எங்களை ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட ஆரம்பித்தார். வேலை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. “தூங்குனியா? கொயந்தைக்கு ஜொரம் வுட்டுச்சா?” இரண்டே நிமிடம். யாருக்கு அன்று வேலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்பதை எங்கள் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

போன மாதம் ஓய்வு பெற்றார். மறுநாள் காலை பத்து மணி தாண்டியும் ஃபோன் அடிக்காமல் வீடு என்னவோ போலிருந்தது. நானே கூப்பிட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. எனக்கு லைன் கிடைத்தபோது பதினொன்றரை ஆகிவிட்டது.

எனக்கு முன்னால் ஏழு பேரும் பேசி முடித்திருந்தார்கள்.