ஒரே டேங்க்கில் மங்கோனுயி

வண்டி எவ்வளவு டீசல் குடிக்கும் என்று ஒரு ஆண் சொல்லும் கணக்கை யாரும் நம்பாதீர்கள். பொய் சொல்பவனைக்கூடத் திருத்திவிடலாம். இவன் அதை உண்மை என்று நம்பிக்கொண்டு சொல்வான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான்கு வருடங்களுக்கு முன் ஓர் ஈஸ்டர் விடுமுறையில் அந்த ஆண் நானாக இருந்தேன். ஆக்லாந்து நகரத்தில் பாதிப் பேருக்கு அன்று நான் யாரென்று தெரிந்துவிட்டது. (மீதிப் பாதி பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.)

நாங்கள் இருப்பது அந்த நகரத்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில். நான் ரகு, கம்ப்யூட்டரில் எண்களை அடுக்கிப் பிழைப்பவன். மனைவி வித்யா, ஆஸ்பத்திரி மருந்தாளுநர். மகள் யாழினிக்கு அப்போது பதினொரு வயது. பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டியை இந்த ஊரில் யூட் என்பார்கள். ஆடு மேய்ப்பவர்களும் கட்டடம் கட்டுபவர்களும் வைத்திருப்பார்கள். ஆடும் இல்லை, கட்டடமும் இல்லை, நானும் ஒன்று வாங்கினேன், ஜப்பான் வண்டி. வாங்கிய நாள் முதல் வித்யா கேட்ட ஒரே கேள்வி, "இது எதுக்குங்க நமக்கு?" அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான், ஈஸ்டருக்கு வடக்கே மங்கோனுயி என்ற கடலோர ஊருக்குப் போகலாம் என்று முடிவுசெய்து ஜெயசீலன் அண்ணையிடம் போனேன்.

அண்ணை மன்னார்க்காரர். பக்கத்து மவுண்ட் ராஸ்கிலில் சின்ன கராஜ் வைத்திருந்தார். அவரிடம் ஒரு கேம்பர் பெட்டி இருந்தது. யூட்டின் தொட்டிக்குள் அப்படியே சொருகி வைக்கும் வீடு அது. கட்டில், மேசை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. கட்டில் இருக்கும் பகுதி மட்டும் டிரைவர் தலைக்கு மேலே, யானைக்கு நெற்றி புடைத்த மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஈஸ்டருக்கு அவர் குடும்பத்தோடு கோயிலில் இருப்பார், பெட்டி சும்மாதான் நிற்கும். கேட்டதும் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

"தம்பி, இதை ஏத்தினா வண்டி டீசல் நல்லாக் குடிக்கும். போகேக்க ஒருக்கா, வரேக்க ஒருக்கா அடிச்சுப்போடுங்கோ."

"இல்லண்ணே, நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர்னு ப்ரோஷர்லயே போட்டிருக்கான். பெட்டிக்காக இன்னும் ஒரு லிட்டர் சேத்துக்கிட்டாலும் ஒன்பது. மங்கோனுயி போய் வர அறுநூறு கிலோமீட்டர். எண்பது லிட்டர் டேங்க். வந்த பிறகும் மிச்சம் இருக்கும்."

அண்ணை பெட்டியின் நெற்றியை ஒருமுறை தட்டினார். "ப்ரோஷரை எழுதினவன் இதைக் கண்டவனோ?"

கண்டிருக்க மாட்டான். அவன் காற்றில்லாத அறையில், காலி வண்டியை உருளை மேல் ஓட்டிப் பார்த்து எழுதியவன். அது எனக்கும் தெரியும். ஆனால் அதற்குள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் 'ஒரே டேங்க்கில் மங்கோனுயி' என்று அறிவித்துவிட்டிருந்தேன். பதினேழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். பின்வாங்க முடியுமா?

அந்தப் பயணத்தில் வேறொரு விஷயமும் இருந்தது. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வித்யாவுக்கு நகரத்தின் தெற்கே மனுகாவ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நேர்காணல். மூன்று வருடமாகத் தற்காலிக வேலையிலேயே ஓடிக்கொண்டிருந்தாள். அந்த ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. இது நிரந்தர வேலை, மருந்துக் கிடங்கின் பொறுப்பு. "திங்கக்கிழமை சாயங்காலம் வீட்ல இருக்கணும்" என்று அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. நானும் தலையாட்டினேன்.

புறப்படுவதற்கு முன் எடை குறைக்கும் படலம் நடந்தது. குளியலறைத் தராசைக் கொண்டுவந்து ஒவ்வொரு பொருளாக நிறுத்தேன். இரும்பு தோசைக்கல்லைத் திருப்பி அனுப்பினேன். யாழினியின் ஐந்து கதைப்புத்தகங்களில் மூன்றைப் பிடுங்கினேன். "Seriously, அப்பா?" என்பதை அவள் எந்த உச்சரிப்பில் கேட்டாள் என்று எழுத்தில் காட்ட எனக்குத் திறமை போதாது. அரை டன் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, கதைப்புத்தகத்தை நிறுத்துப் பார்த்த பொறியாளன் நான்.

வடக்கே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. சந்தோஷமாகப் போனோம். மங்கோனுயியில் கடலைப் பார்த்துக்கொண்டு வறுத்த மீன் சாப்பிட்டோம். மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தது. அதாவது, அவர்கள் இருவருக்கும் நன்றாக இருந்தது. நான் மட்டும் அடிக்கடி வண்டிக்குள் போய் முள்ளைப் பார்த்துவிட்டு வந்தேன். முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. நியாயமாக அது முக்காலை நெருங்கி நின்றிருக்க வேண்டும்.

உடனே ஒரு கோட்பாடு கண்டுபிடித்தேன். பெட்டியின் பாரத்தால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது. மூக்கு தூக்கியிருக்கிறது. அதனால் டேங்க்குக்குள் டீசல் சரிந்து, முள் குறைத்துக் காட்டுகிறது. உள்ளே நிறைய இருக்கிறது. இதைப் படம் வரைந்து வித்யாவுக்கு விளக்கினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை திரும்பும்போது காற்று எதிரே வந்தது. பெட்டியின் நெற்றி அதை முழுசாக வாங்கிக்கொண்டது. ஒரு தட்டிக் கதவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடுவது போல இருந்தது. பிரிண்டர்வின் மலையில் ஏறும்போது முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. மணிக்கு எழுபதில் போனேன். எனக்குப் பின்னால் ஊர்வலம் போல கார்கள். வழிவிட்டபோது கடந்து போனவர்கள் காட்டிய விரல், வாட்ஸ்அப்பில் வந்த விரல் அல்ல. ஏசியை நிறுத்தினேன். வழியில் ஒரு ஓய்விடத்தில் நிறுத்தி, பெட்டியின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து அறுபது லிட்டரையும் புல்லில் ஊற்றினேன்.

"நாளைக்குக் காலைல மூஞ்சி கழுவ?" என்றாள் வித்யா.

"அறுபது கிலோ, வித்யா."

அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில், அவள் சத்தம் போட்டபோது எனக்கு ஆபத்து வந்ததே இல்லை.

நகரத்துக்குச் சற்று வடக்கே இருக்கும் ஓரேவா ஊர் வந்தபோது ஆக்லாந்துக்குள் நுழையும் விடுமுறைக் கூட்டம் நெடுஞ்சாலையில் நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது. நின்று நின்று போனால் டீசல் வீணாகுமே! எனவே அன்றிரவு ஓரேவாவிலேயே தங்கி, காலையில் சாலை காலியானதும் போகலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தோம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்தது நான்தான்.

செவ்வாய் காலை வித்யா பொதுக் கழிப்பறையில் முகம் கழுவி, நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். மஞ்சள் விளக்கு முதல் நாளே எரிந்துவிட்டிருந்தது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும் என்று காட்டும் இடத்தில் எண்ணே இல்லை, மூன்று கோடுகள் மட்டும் இருந்தன.

"ஏங்க, இதோ பங்க் இருக்கு. அஞ்சு நிமிஷம்."

"இன்னும் அறுபது கிலோமீட்டர்தான் வித்யா. விளக்கு எரிஞ்ச பிறகும் பத்து லிட்டர் இருக்கும். கம்பெனிக்காரன் எப்பவும் பயந்துக்கிட்டுத்தான் விளக்கு வைப்பான்."

(எட்டு லிட்டர் என்றபோது அதே கம்பெனிக்காரனை நான் தெய்வமாக நம்பினேன். விளக்கு வைத்தபோது மட்டும் அவன் கோழையாகிவிட்டான்.)

அந்தப் பங்க்கைத் தாண்டினோம். அடுத்ததையும் தாண்டினோம். துறைமுகப் பாலம் தெரிந்தபோது எனக்குச் சிரிப்புகூட வந்தது. குழுவில் போட வேண்டிய வாசகத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பாலம் நடுவில் உயர்ந்திருக்கும். ஏற ஆரம்பித்ததும் வண்டி ஒருமுறை இருமியது. நான் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தேன், அதனால் ஏதோ டீசல் மிச்சமாகும் என்பது போல. இரண்டாவது முறை இருமி, குலுங்கி, உச்சியை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது.

கீழே கடல். பக்கத்தில் ஹாரன் அடித்தபடி கார்கள். எதிர்க்காற்றில் பெட்டி தொட்டில் மாதிரி ஆடியது. மணி பத்து பத்து.

"நின்னுடுச்சு" என்றேன், அவர்களுக்குத் தெரியாது என்பது போல.

வித்யா அவசர எண்ணுக்கு அழைத்து, எந்தத் தடம், எந்தப் பக்கம், எத்தனை பேர் என்று மருந்துச்சீட்டு படிக்கும் குரலில் சொன்னாள். வைத்துக் கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. ஜெயசீலன் அண்ணை.

"தம்பி, ரேடியோவில பாலத்தில ஒரு யூட் நிக்குதாம், முதுகில கேம்பராம், பின்னால சரியான ட்ராஃபிக்காம் எண்டு சொல்லினம். அது எங்கட பெட்டியோ?"

"ஆமாண்ணே."

"ஓம்... டீசலோ?"

"ஆமாண்ணே."

"சரி. கேனோட வாறன். ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதேங்கோ. டீசல் வண்டி வத்தினா லைனுக்குள்ள காத்து ஏறிப்போடும்." வைக்கும் முன் கேட்டார்: "எத்தினை லிட்டர் எண்டனீங்கள்? எட்டோ?"

பாலத்துக்கென்றே நிற்கும் இழுவை லாரி வந்தது. அதை ஓட்டிவந்தவர் கதவு அகலத்துக்கு இருந்த சமோவாக்காரர். சங்கிலி மாட்டுவதற்கு முன் பெட்டியின் நெற்றியை அண்ணாந்து பார்த்தார். இதை வைத்துக்கொண்டு நூறுக்கு எவ்வளவு போகும் என்று எதிர்பார்த்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்பது என்றேன். (எட்டு என்று சொல்ல அங்கே எனக்கு வெட்கமாக இருந்தது.) அவர் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்து, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டார்.

எங்களை அவர் லாரியிலேயே ஏற்றி, பாலத்தின் நகரப் பக்கம் கீழே கொண்டுபோய் யூட்டோடு ஓரமாக இறக்கிவிட்டபோது மணி பத்து ஐம்பது. மனுகாவ் அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். டாக்ஸி வருவதற்கே கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். எல்லாருக்கும் எங்களால்தான் தாமதம்.

அப்போதுதான் வித்யாவின் கண் கலங்கியதைப் பார்த்தேன். நேரமாகிவிட்டதே என்ற பதற்றமாக மட்டும் அது தெரியவில்லை. மூன்று வருடம் தற்காலிக வேலையில் ஓடிக்கொண்டே ராத்திரி ராத்திரியாகப் படித்தவள், ஒரு டேங்க்குக்காக ரோட்டோரம் நிற்கிறாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"வித்யா, நான் அவங்களுக்குப் போன் பண்ணி..."

"நீங்க எதுவும் பண்ண வேணாம்."

அவளே அழைத்தாள். வண்டி பழுதாகிவிட்டது என்று அவள் சொல்லவில்லை. டீசல் தீர்ந்துவிட்டது என்றாள். வீடியோவில் செய்யலாமா என்று கேட்டாள். சரி என்றார்கள். யாழினி பெட்டிக்குள் ஓடி மேசையை விரித்து, அடுப்பைத் துண்டால் மூடி, அம்மாவின் பொட்டைச் சரிசெய்துவிட்டு வந்தாள். எனக்கு வெளியே நிற்கும் வேலை கொடுக்கப்பட்டது.

அந்தப் பெட்டியின் சுவர் அப்பளம் போன்றது. அதனால் எல்லாம் கேட்டது. அரை மணி நேரம் போனபின் ஓர் அம்மாள் குரல் கேட்டது: கையிருப்பு தீர்ந்துபோகும் அபாயத்தை நீங்கள் எப்படிக் கையாள்வீர்கள், சொந்த அனுபவத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

அதற்கு வித்யா ஆங்கிலத்தில் சொன்னதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

"நான் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? பாலத்துக்குக் கீழே, ஒரு கேம்பரில். என் கணவர் காகிதத்தில் போட்டிருந்த எண்ணை நம்பினார். காலி வண்டிக்கு எழுதிய எண் அது. அவர் பாரம் ஏற்றினார், மலை ஏறினார், எதிர்க்காற்றில் வந்தார். எண்ணை மட்டும் மாற்றவில்லை. மருந்துக் கிடங்கிலும் இதுதான் நடக்கிறது. இந்த வார்டுக்கு மாதம் இவ்வளவு என்று காகிதம் சொல்லும். குளிர்காலம் வந்து கட்டில் நிறைந்தால் அந்த எண் செத்துப்போகும். நான் எச்சரிக்கை விளக்குக்காகக் காத்திருக்க மாட்டேன். அலமாரியில் ஒரு கோடு போடுவேன். கையிருப்பு அதைத் தொட்டால், யார் என்ன கோட்பாடு சொன்னாலும் ஆர்டர் போய்விடும். என் கணவர் ஒரு படம்கூட வரைந்து காட்டினார்."

உள்ளே மூன்று பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. வெளியே, கேனோடு வந்திறங்கிய ஜெயசீலன் அண்ணையும் கேட்டுவிட்டார். அவர் குனிந்து டீசலை ஊற்றி, என்ஜின் பக்கம் இருந்த கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். நிமிர்ந்தபோது, "பிள்ளை நல்லாக் கதைக்குது" என்றார். பிறகு விரல் விட்டு எண்ணி, நூறுக்குப் பதின்மூன்றுக்கு மேலே போயிருக்கிறது என்றார். நான் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் வேலை கிடைத்தது. யூட்டை அந்த வருடமே விற்றேன். வாட்ஸ்அப் குழுவில் நான் எதையும் அறிவிக்காமல் இருந்தேன். ஜெயசீலன் அண்ணையின் மனைவி அறிவித்தார்.

போன மாதம் வித்யாவை அழைத்துவர அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மருந்துக் கிடங்கின் கதவுக்கு வெளியே நின்றபோது, அலமாரிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு தட்டிலும் சிவப்பு டேப்பில் ஒரு கோடு. புதிதாகச் சேர்ந்த மலேசியத் தமிழ்ப் பெண் ஒருத்தி ஓடிவந்து யாரென்று கேட்டாள். பெயரைச் சொன்னேன்.

"ரகுவா? 'ரகு லைன்'ல வர்ற ரகுவா?" என்று அந்தச் சிவப்புக் கோடுகளைக் காட்டினாள். "ஐயோ, இங்க எல்லாரும் ரகு லைன், ரகு லைன்னு சொல்வாங்க லா. சரக்கு ரகுவத் தொட்டுருச்சு, ஆர்டர் போடும்பாங்க. நான் ஏதோ ஜப்பான்காரங்க கண்டுபிடிச்ச மெத்தட்னு நெனச்சேன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வித்யாவின் குரல் வந்தது.

"வண்டி மட்டும்தாம்மா ஜப்பான்."