மோர் சிந்தாத கார்

பிள்ளைகளா, ரேஸ் மைதானத்தில் பறப்பதற்கென்றே செய்த காரை வாங்கி, அதை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நம் கொடைக்கானலில், நம் தெருவில்தான் இருக்கிறார். நீங்கள் பெரியப்பா என்று கூப்பிடும் பூண்டு வியாபாரிதான் அவர். எனக்கு அண்ணன். ஊருக்கு ரேஸ் பூண்டு.

அவர் வேகத்துக்காக அந்தக் காரை வாங்கவில்லை, உங்கள் பெரியம்மாவுக்காக, என் மதினிக்காக வாங்கினார். மதினிக்கு மலை வளைவு ஒத்துக்கொள்ளாது. பஸ் மூன்றாவது வளைவு திரும்பும் முன்பே வாந்தி. இஞ்சி, எலுமிச்சை, மாத்திரை எல்லாம் தோற்றுப்போயின. பதினோரு வருஷமாக மலையை விட்டு இறங்கவில்லை. பெரியகுளத்தில் அவருடைய அக்கா வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்தும் போகவில்லை. மூன்றாவது கல்யாணம் வந்ததும் அக்கா போனில் சொல்லிவிட்டார்: "இதுக்கும் வரலைன்னா எனக்குத் தங்கச்சியே இல்லன்னு நெனச்சுக்கிறேன்."

மதினி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ அண்ணனிடம், ரேஸ் கார் வளைவில் சாயவே சாயாது என்று சொல்லித் தொலைத்தார்கள். அந்த வருஷம் பூண்டுக்கு நல்ல விலை வேறு. என்னையும் என் ஜீப்பையும் கிளப்பிக்கொண்டு கோயம்புத்தூர் போனார். கையில் ஒரு சொம்பு, தூக்குவாளி நிறைய மோர்.

இரண்டு வருஷம் பந்தயத்தில் ஓடிய கார். விற்கிறவர் பெருமையாகச் சொன்னார்: "நாலே செகண்ட்ல நூறைத் தொடும் சார்."

"அது தொட்டுட்டுப் போகுது தம்பி. வளைவுல சாயுமா?"

சாயாது என்றார் அவர். அண்ணன் நம்பவில்லை. சொம்பில் விளிம்பு வரை மோரை ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தார். முதல் சுற்றில் மோர் முழுக்க விற்கிறவர் சட்டையில். மறுபடி ஊற்றிக்கொண்டு, "மெல்லமாப் போங்க தம்பி" என்றார். இரண்டாம் சுற்றில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்த வேகத்தில் போனால் தண்ணீர் லாரியிலும் சிந்தாது. அண்ணன் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தரைக்கும் காருக்கும் நடுவில் கை நுழையாது. வாங்கிய காரை அண்ணன் ஊருக்கு ஓட்டிவர, ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் ஜீப்பிலிருந்து இறங்கி, இரண்டு பலகை போட்டு அதை ஏற்றி இறக்கினேன். மலை ஏறும்போது ஒரு பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, காருக்கு நடை பழக்குகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று வெள்ளனே கிளம்பினோம். பட்டுச்சேலையோடு மதினியை அந்தக் குழிச் சீட்டுக்குள் இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அடுக்கம் மலைரோடு வழியாக இறங்கினோம். பலகையோடு நான் பின்னால் ஜீப்பில். மழையில் உருண்ட கல்லெல்லாம் ரோட்டில் கிடந்தது. முன்னால் போன காரிலிருந்து மதினியின் குரல் ஓயவே இல்லை.

"ஏங்க, கல்லு கெடக்கு. எடப்பக்கம் போங்க. பள்ளம், பள்ளம். அம்புட்டு வெரசா எங்கதான் போறீங்க?"

அப்போது என் ஜீப் முதல் கியரில் இருந்தது.

பெரியகுளத்தில் மதினியை வெளியே இழுத்து நிறுத்தினோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது, வாந்தி மட்டும் வரவில்லை. எலுமிச்சம்பழம் முகராமலேயே கையில் இருந்தது. மண்டப வாசலில் அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் நாதஸ்வரக்காரரே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார். அண்ணன் என் தோளைத் தட்டினார்.

"பாத்தியாலே? சாயல."

"ஆமாண்ணே" என்றேன்.

பஸ்ஸில் மதினி தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். அன்று கல்லுக்குப் பயந்து ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வழியைப் பார்த்துக்கொண்டே வந்தால் பலருக்கு வாந்தி வராது. இத்தனை வருஷம் ஜீப் ஓட்டியும் அது எனக்கு அன்றுதான் உறைத்தது. அண்ணனிடம் இதுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அவர்கள் அன்று ராத்திரி அங்கேயே தங்கிவிட்டார்கள். நான் சாயங்காலம் தனியாக மலையேறினேன். பாதி வழியில் ஜீப்பை நிறுத்தி, என் பக்கத்துச் சீட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த டூல் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். உங்கள் அம்மாவுக்கும் மலை வளைவு ஒத்துக்கொள்ளாது; அதுவரை எப்போது ஜீப்பில் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பின்சீட்டில்தான் வருவாள். அந்தப் பக்கத்து முன்கண்ணாடியை, ரோடு நன்றாகத் தெரியும்வரை துண்டால் துடைத்தேன்.