சென்சர் இருக்கு மச்சான்

அரைகுறையாக ஒன்றைத் தெரிந்துகொண்டவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அந்த வகையில் மாத்தளை மாவட்டத்துக்கே நான்தான் முதல் ஆள்.

லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழலும். அதைத் தொட்டும் தொடாமலும் ஒரு முனை நின்று படிக்கும். லேப்டாப் கைநழுவினால், தரையில் படுவதற்குள் சென்சர் உணர்ந்து, தட்டு கீறாமல் முனையை ஒதுக்கிவிடும். இதை எங்கோ படித்துவிட்டு (ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல) வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் மெத்தைமேல் போட்டுக் காட்டினேன்.

வாப்பா மௌத்தானபின் அவருடைய குரல் மிஞ்சியிருந்தது தங்கச்சியின் கல்யாண வீடியோவில் மட்டும். அது இருந்தது என் லேப்டாப்பில் மட்டும்.

"பென்டிரைவ்லயும் போட்டு வைங்க மச்சான்" என்றார் தங்கச்சியின் மாப்பிள்ளை ரிஸ்வான்.

"சென்சர் இருக்கு மச்சான். கூரையிலேருந்து விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது."

வாப்பாவுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதினோம். பகல் சாப்பாடு முடிந்ததும் உம்மா வீடியோ பார்க்க ஆசைப்பட்டார். குட்டை ஸ்டூலில் வைத்து ஓடவிட்டேன். திரையில் வாப்பா மைக்கைப் பிடித்தார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மற்றவர்களுக்கு மறைக்கக் கூடாதென்று பெருந்தன்மையோடு எழுந்தேன். கால் சார்ஜர் வயரில் மாட்டியது. லேப்டாப் சரிந்து சிமெந்துத் தரையில் மோதியது. டிக், டிக் என்று ஒரு சத்தம். வாப்பா வாய் திறந்தபடியே நின்றார். பிறகு திரை கறுத்தது.

"சென்சர்..." என்றேன்.

"சரிஞ்சு விழுந்தா விழுறதுன்னே சென்சருக்கு வெளங்காது தம்பி. இந்த உயரத்துக்கு நேரமும் பத்தாது. தட்டு கீறிப் போச்சு, எடுக்க ஏலாது" என்றார் டவுன் ரிப்பேர்காரர். கொழும்பிலும் அதையே சொன்னார்கள். எங்கள் ஊர் பலாபத்வலைக்குத் திரும்பும் பஸ்ஸில் லேப்டாப்பை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். (இனி எதற்கு என்று கேட்காதீர்கள்.)

உம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் ஒவ்வொரு பெருநாளிலும், கல்யாணத்தில் வாப்பா மைக்கில் பேசிய பேச்சைச் சொல்லிக் காட்டுவார்.

"'இதெல்லாம் ஒரு பிரியாணியா, என் பொண்டாட்டி ஆக்குற சோத்துக்குக் கிட்ட வருமா'ன்னு மைக்குலயே கேட்டாங்க!"

பேச்சு வருஷத்துக்கு வருஷம் நீள்கிறது. போன பெருநாளில் வாப்பா பாட்டே பாடிவிட்டார்.

"ஆதாரம் இருக்கா மாமி?" என்று ரிஸ்வான் கேட்பார். வீடே சிரிக்கும். எல்லோரையும்விட உம்மா சிரிப்பார்.

"இவன்தான் வீடியோவ எத்தனையோ தடவ பாத்தானே, கேளுங்க" என்று என்னைக் காட்டுவார்.

"பிரியாணி ஆறுது, எல்லாரும் சாப்பிட வாங்க" என்று மட்டும்தான் வீடியோவில் சொல்லிவிட்டு வாப்பா மைக்கைக் கொடுத்துவிட்டார்.

"ஆமா உம்மா, அப்படியேதான் சொன்னாங்க."