தொனித் திருத்தம்

திரையில் வந்த கேள்வியைப் படித்ததும் காபிக் கோப்பையோடு போன கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

'கல்யாணமாகி ரொம்ப வருஷமாச்சு. என் மனைவி இப்போதெல்லாம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள். போன வாரம் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாளாம். நாலு நாள் கழித்துத்தான் கவனித்தேன். அதிலிருந்து வீட்டில் ஒரே இறுக்கம். என்ன செய்யலாம்?'

கமா அக்காவின் இன்னொரு கை தானாகப் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தது. போன செவ்வாய்க்கிழமைதான் அவள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் தலை நிமிர்ந்து, "என்னமோ மாறியிருக்கே, பல்பு மாத்தினியா?" என்று கேட்டிருந்தார்.

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். எந்தச் சட்டை போடுவது, எந்த வேலையில் சேருவது, மாமனாரிடம் எப்படி மாட்டேன் என்பது, எல்லாவற்றையும் ஜனங்கள் அதனிடம் கேட்டார்கள். இயந்திரம் பதில் எழுதும். அதில் கொஞ்சம் மட்டும் ஆள் பார்வைக்கு வரும். பிழை பார்த்து, தொனி பார்த்து அனுப்ப வேண்டும். விட்டுப்போன காற்புள்ளியைக்கூட விடமாட்டாள் என்பதால் வேலையிடத்தில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். கேட்டவர் யார் என்று தெரியாது, ஓர் எண் மட்டும் தெரியும். ஒருவருடைய கேள்வி ஒருமுறை கைக்கு வந்தால், அப்புறம் அவர் கேட்பதெல்லாம் அதே கைக்குத்தான் வரும்.

இயந்திரம் இந்த ஆளுக்கு வார இறுதிப் பயணமும் மெழுகுவர்த்தி விருந்தும் சிபாரிசு செய்திருந்தது. அக்கா முழுவதையும் அழித்தாள்.

'முதலில் பாத்திரம் கழுவுங்கள். அவள் சொல்வதற்கு முன்னால் கழுவுங்கள். கழுவிவிட்டு, கழுவினேன் என்று வந்து சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.'

இவ்வளவு மாற்றினால் காரணம் தர வேண்டும். பட்டியலில் 'தொனித் திருத்தம்' என்பதை அமுக்கினாள்.

அன்று பாத்திரங்களை வேண்டுமென்றே தொட்டியில் போட்டு வைத்தாள். வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். ஏழு மணிக்குக் கையெல்லாம் கிரீஸோடு வந்தவர், தட்டுகளை ஓரமாக நகர்த்திவிட்டு, கையை மட்டும் கழுவிக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்தார்.

மறுநாள் அதே எண்ணிலிருந்து வந்தது. 'நீங்கள் சொன்னபடி பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினேன். ஒரு மாற்றமும் இல்லை.'

பெண்டாட்டியிடம் பொய் சொன்னால்கூடப் போகிறது. ஓர் இயந்திரத்திடம் போய்ப் பொய் சொல்லலாமா?

'நீங்கள் கழுவவில்லை. எனக்குத் தெரியும்' என்று எழுதி அனுப்பினாள். தொனித் திருத்தம்.

பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. 'மன்னிக்கவும். இரண்டு தட்டு மட்டும்தான் கழுவினேன். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?'

"அந்த ரெண்டு தட்டையும் நகத்தி வச்சதைத்தான் பாத்தேனே," என்றாள் அக்கா, காலி வீட்டைப் பார்த்து.

மூன்றாம் நாள் வீட்டில் சுத்தமான டம்ளர் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்காரர் மருந்து அளக்கும் சின்னக் கோப்பையில் ஒன்பது தடவை டீ ஊற்றிக் குடித்தார். குடித்துவிட்டு, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

"தொட்டியைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அதான் கேட்டேன்."

அடுத்த கேள்வி பரிசைப் பற்றி. இயந்திரம் வாசனைத் திரவியம் என்று எழுதியிருந்தது. அக்கா சாப்பாட்டு மேஜை நாற்காலியில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷமாக அப்படித்தான்.

'முதுகு வலிக்கிறது என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், யோசித்துப் பாருங்கள். கைப்பிடி வைத்த, முதுகுக்கு அணைவான நாற்காலி வாங்குங்கள். நீல நிறம்.'

அனுப்பிய சூட்டோடு பழைய நாற்காலியை மாடி வீட்டு டீச்சருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டாள். புதியதை வைக்க இடம் வேண்டாமா? வியாழக்கிழமை கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமையும் அதே பக்கெட்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. முகத்தில் சிரிப்பு வேறு. அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

பெட்டிக்குள் ஐந்நூறு பேப்பர் தட்டுகள் இருந்தன.

"இனிமே உனக்குக் கழுவற வேலையே இல்ல," என்றார் அவர்.

அவள் பக்கெட்டில் போய் உட்கார்ந்தாள்.

அன்று வேலையிலும் இடி விழுந்திருந்தது. மேற்பார்வையாளர் தினமும் நாலு மணிக்கு வீடியோவில் வருவார். முகத்தைவிட மூக்குதான் அதிகம் தெரியும். "சராசரி குறையுது, பாத்துக்குங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் அன்று, திங்கட்கிழமை பத்து மணிக்குத் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா எண்ணிப் பார்த்தாள். சின்னச் சின்னக் கேள்விகளையும் சேர்த்தால், ஒரே எண்ணுக்குப் பதினாலு தொனித் திருத்தம். புருஷனைத் திருத்தப் போய் வேலை போகப்போகிறது என்பது உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை அவளால் அடக்க முடியவில்லை.

"கேக்கறதை என்கிட்ட நேரா கேக்கக் கூடாதா?"

"எதை?"

"எல்லாத்தையும்தான். என்னைப் பத்தி இன்னொரு இடத்துல போய்க் கேட்டா எனக்கு எப்படி இருக்கும்?"

வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் லிப்ட் நடுவில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் காரணம் விசாரிக்கக் கூடாது, முதலில் கதவைத் திறக்க வேண்டும் என்பது அவருடைய இருபது வருஷ அனுபவம்.

"தப்புதான்," என்றார்.

"ரெண்டே ரெண்டு தட்டைத் தொட்டுட்டு எல்லாம் கழுவினேன்னு சொன்னது?"

"அதுவும் தப்புதான்."

"நாற்காலி?"

வீட்டில் ஒரு நாற்காலி குறைவதை அவர் அப்போதுதான் கவனித்தார். பக்கெட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் இடுப்பில் கைவைத்து நின்ற விதத்தைப் பார்த்தார்.

"நாளைக்கே," என்றார்.

அதற்கு மேல் அவளால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தொட்டியைக் காலி செய்தார்கள். அவர் தேய்த்தார், அவள் துடைத்தாள். ஒரு கட்டடத்தில் லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையும் மாமியாரும் நாற்பது நிமிஷத்தில் ராசியாகி வெளியே வந்த கதையை அவர் சொன்னார். அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு தட்டு கைநழுவி உடைந்தது. அப்புறம்தான் திங்கட்கிழமை விஷயத்தை மெதுவாகச் சொன்னாள். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கு லீவு போடுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி வந்தது. கைப்பிடி இருந்தது, முதுகுக்கு அணைவாக இருந்தது. நிறம் மட்டும் பழுப்பு. அந்த ஒன்றையாவது சொந்தமாக முடிவு செய்தாரே என்று அக்கா உள்ளுக்குள் பூரித்தாள்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அந்த எண் மறுபடி வந்தது.

'முந்தாநாள் அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம். அடுத்து நான் என்ன செய்யட்டும்?'

சமையலறையில் வீட்டுக்காரர் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

'இனி இங்கே கேட்காதீர்கள். பக்கத்தில்தானே இருக்கிறாள், அவளையே கேளுங்கள்.'

அனுப்பி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, வாசல் நிலையில் வீட்டுக்காரர் தலை தெரிந்தது.

"உனக்கு டீ வேணுமா?"

வேலை போனாலும் பரவாயில்லை என்று அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது. வேணும் என்று தலையாட்டிவிட்டு, பத்து மணிக்கு வீடியோவைத் திறந்தாள்.

மூக்கு வந்தது. மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். ஒரே எண்ணுக்குப் போன பதினைந்து பதில்களையும் தான் படித்துவிட்டதாகச் சொன்னார். ஒன்றுகூட இயந்திரம் எழுதியது இல்லை என்றார். மறைத்துப் பயனில்லை என்று அக்கா முடிவு செய்தாள். விதியை மீறியது உண்மைதான் என்றாள். ஆனால் கேட்டது யார் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டதாகவும், அதனால்தான் கை நிற்கவில்லை என்றும் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர்தான் சார் அது. பதினெட்டு வருஷம் கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

மூக்கு மெதுவாக விலகியது. முதல்முறையாக அவருடைய முழு முகமும் தெரிந்தது, பக்கத்தில் ஒரு பெண்மணியும் இருந்தார்.

"இல்லம்மா, அது என் நம்பரு," என்றார் மேற்பார்வையாளர், "இவ என் வீட்டுக்காரி, பதில் எழுதினவங்களை நேர்ல பாத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா."